பார்க்கிற பூவா, கொத்துகிற மண்ணா? (பூந்தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்)

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி: ஐயா, எங்கள் வீட்டு வாசலில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. என் கணவர் பாடசாலை ஆசிரியர். பாடசாலை விட்டு வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மம்பட்டியோடு இறங்கிவிடுவார். ரோஜா பூத்துக் குலுங்குகிற நேரத்தில், “கதிரையைப் போட்டு இதைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்களேன்” என்றால் கேட்கமாட்டார். போன மாதம் நன்றாகப் பூத்திருந்த ஒரு பாத்தியையே பிரட்டிப் போட்டு வேறு என்னவோ நட்டுவிட்டார். எனக்குப் பூவைப் பார்க்கத்தான் ஆசை, அவருக்கு வேலைதான் ஆசை. தோட்டம் செய்கிறவர்களுக்கு உண்மையில் எதில் சந்தோஷம்? வேலையிலா, வேலை முடிந்து பூத்து நிற்பதிலா?

பதில்: தங்கச்சி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வேலையில்தான். இந்த விஷயத்தில் நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். ஆனால் பூத்திருந்த பாத்தியைப் பிரட்டியதற்கு அவர் பக்கம் நிற்கமாட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வாசலில் புல்தரை, அதைச் சுற்றி ரோஜாப் பாத்திகள், பாதையோரம் ஹைட்ரேஞ்சியா, குசினிப் பக்கம் டேலியா. அந்தத் தோட்டம் மிக அழகாக இருக்கிற நேரம் பின்னேரம் நாலு, நாலரை. வெயில் சாய்ந்து பூவின் பக்கவாட்டில் விழும். விருந்தாளிகள் வருவதும் அப்போதுதான். புல்தரையில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடிப்பார்கள். அந்த நேரத்தில் நான் மம்பட்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு இறங்கிக்கொண்டிருப்பேன். இதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. எனக்கு வேண்டியது காலையிலேயே கிடைத்துவிடும்.

காலையில் அப்படி என்ன கிடைத்தது என்று கேட்டால், ரோஜாவுக்குக் கவ்வாத்து வெட்டுவதைத்தான் முதலில் சொல்வேன். செடிக்கு முன்னால் குந்தியிருந்து காய்ந்த கிளைகளை முதலில் எடுத்துவிடவேண்டும். அடுத்தது உள்பக்கமாக வளர்ந்து ஒன்றோடொன்று உரசுகிற கிளைகள். பிறகு பென்சில் பருமன்கூட இல்லாத நோஞ்சான் கிளைகள். மிஞ்சுகிற நாலைந்து கிளைகளில்தான் நிதானம் வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் முளை வருகிற கண் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பேன். வெளிப்பக்கம் பார்த்த கண்ணாகத் தேர்ந்து, அதற்குக் கால் அங்குலம் மேலே, கண்ணுக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்து வெட்டவேண்டும். அப்படி வெட்டினால் மழைத்தண்ணீர் கண்ணில் தங்காமல் மறுபக்கம் வடிந்துவிடும். வெட்டுவாயில் நடுப்பகுதி வெள்ளையாக இருந்தால் சரி. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே போகவேண்டும். எல்லாம் முடிந்த பிறகு வழியில் போகிறவர்கள், “என்ன இப்படி மொட்டையடித்துவிட்டீர்கள்?” என்று கேட்பார்கள். ஆனால் இரண்டு மாதத்தில் எந்தக் கிளை எந்தப் பக்கம் விரியும், நடுவில் காற்றும் வெளிச்சமும் எப்படி இறங்கும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். பின்னேரம் வந்து பார்க்கிறவர் பார்ப்பது அன்றையப் பூவை. உங்கள் கணவர் மம்பட்டியோடு நிற்கும்போது பார்ப்பது இனி வரப்போகிற பூவை. அவர் உட்காராததற்குக் காரணம் பூவில் ஆசை இல்லாமை என்று நினைக்காதீர்கள்.

எல்லா வேலையும் சந்தோஷம் தருமா என்றால், தராது. இதை மலையகத்தில் இருக்கிற நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்களத்துக்குப் போய், பகல் முழுவதும் கொழுந்து எடுத்து, மடுவத்தில் தராசைப் பார்த்துக்கொண்டு நின்று, இன்றைக்கு முழுநாள் சம்பளத்துக்குப் பேர் விழுமா, பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேர்தானா என்ற கவலையோடு லயத்துக்கு வருகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு, லயத்து வாசலில் உள்ள ஒரு பாய் அகலத் துண்டு நிலத்தில் குனிகிறாள். லீக்ஸுக்கு மண் அணைக்கிறாள். பெயின்ற் தகரத்தில் வைத்த ஜெரேனியத்தில் காய்ந்த இலையைக் கிள்ளுகிறாள். மலையிலும் அதே குனிவுதான், அதே முதுகுவலிதான். ஆனால் இங்கே கங்காணி இல்லை, தராசு இல்லை. அடுத்தது எதை நடுவது, எதைப் பிடுங்குவது என்று அவள்தான் முடிவெடுக்கிறாள். எங்கள் லயத்தில் என் அம்மா இப்படித்தான் இருட்டும்வரை நிற்பார். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு எதற்கு இந்த வேலை என்று சின்ன வயதில் எனக்கு விளங்கியதில்லை. பங்களாவில் எனக்கென்று ஒரு பாத்தியைத் துரை விட்டுக்கொடுத்த பிறகுதான் விளங்கியது. நாமே தீர்மானித்துச் செய்கிற வேலையைத்தான் நான் சந்தோஷம் என்கிறேன். சுரண்டியைக் கையில் கொடுத்து, “இந்த நிரையை முடி” என்று சொல்லிச் செய்யவைக்கிற வேலை வேறு.

லயத்திலிருந்து 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீடுகளுக்குப் போனவர்கள் சிலரின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். உள்ளே சுவர் பூசி முடிந்திருக்காது. வேலியோரம் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் நட்டாகிவிட்டிருக்கும். அந்த அவசரம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

“முடிந்த தோட்டம்” என்று ஒன்று நம் மலைநாட்டில் எத்தனை நாள் நிற்கும் என்பதையும் யோசியுங்கள். ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போனால் விக்டோரியாப் பூங்காவில் கால்வைக்க இடம் இருக்காது. எல்லாப் பாத்தியும் பூவாக இருக்கும். அந்தப் பருவப்பூக்களுக்கு டிசம்பர், ஜனவரியிலேயே விதை போட்டாகவேண்டும். ஜனவரி, பெப்ரவரி என்பது அங்கே உறைபனி விழுகிற காலம். வெள்ளையாகப் படிந்த பனி இலையைக் கருக்காமல் இருக்க, நாற்றுகளுக்கு இரவில் மூடாக்குப் போடவேண்டும். சில இடங்களில் வெயில் படும் முன்பே எழுந்து தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். இவ்வளவும் செய்து ஏப்ரலில் பூத்ததை, மே மாதத்தில் இறங்குகிற தென்மேற்குப் பருவமழை இரண்டு வாரத்தில் சப்பளித்துவிடும். பூத்து நிற்பதில் மட்டும்தான் சந்தோஷம் என்றால், வருடத்தில் பெரும்பகுதி அந்தத் தோட்டக்காரர்கள் சந்தோஷமில்லாமல் அல்லவா இருக்கவேண்டும்? அவர்களோடு பேசிப் பாருங்கள். நாற்றுமேடையைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவார்கள்.

ஹக்கல பூங்காவையும் இதற்குச் சொல்லலாம். இன்றைக்கு நாம் ரோஜாவும் பன்னங்களும் பார்க்கப் போகிற அந்த இடம் 1861இல் தொடங்கப்பட்டது சின்கோனா மரத்துக்காக. மலேரியாக் காய்ச்சலுக்குக் குயினைன் அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் எடுத்தார்கள். அந்தச் சரிவை முதலில் கொத்தியவர்கள் மனதில் ரோஜாத் தோட்டம் இருந்திருக்க வழியில்லை. பேராதனைப் பூங்காவில் தாளிப்பனை மரங்கள் நிற்கின்றன. அந்தப் பனை முப்பது வருடமோ எண்பது வருடமோ வளர்ந்து, ஒரே ஒரு தடவை உச்சியில் கோபுரம்போலப் பூத்து, காய்த்து, பட்டுப்போகும். ஐம்பது வயதில் ஒருவர் தாளிப்பனை நட்டால் அதன் பூவைப் பார்ப்பது பெரும்பாலும் அவருடைய பேரப்பிள்ளைகள்தான். இருந்தும் அதை நடுகிற ஆட்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

இனி உங்கள் வழக்குக்கு வருகிறேன். பூத்திருக்கிற பாத்தியைப் பூ முடியும் முன் பிரட்டுவது தவறு. அதை உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அது செடிக்கும் நல்லதில்லை, வீட்டில் கூட இருக்கிறவருக்கும் நல்லதில்லை. தலவாக்கலை மாதிரிச் சரிவான இடத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. மே மாத மழைக்கு முன்னும் ஐப்பசி அடைமழைக்கு முன்னும் மண்ணைப் பிரட்டிப் போட்டால், மேல்மண் அத்தனையும் கான் வழியாக ஆற்றுக்குப் போய்விடும். அந்த நாட்களில் அவருக்குக் கை பரபரத்தால் கானைத் துப்புரவாக்கட்டும், கல்லுக்கட்டைச் சரிபார்க்கட்டும், கூட்டெருவைக் கிளறிவிடட்டும். யன்னலுக்கு நேரே உள்ள பாத்தியை உங்கள் பெயரில் எழுதி வாங்குங்கள். அதில் அவர் மம்பட்டி படக்கூடாது. வாடிய பூவை நீங்களே காம்போடு கிள்ளி எடுங்கள். கிள்ளக் கிள்ளத்தான் ரோஜா மறுபடி அரும்பும். கொஞ்ச நாள் இதைச் செய்துவிட்டு, உங்களுக்கும் எதில் சந்தோஷம் என்று எனக்கு எழுதுங்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்: ரோஸ் நிறத்தில் பூத்திருந்த ஹைட்ரேஞ்சியாவைச் சட்டியோடு வாங்கி வந்து நிலத்தில் நட்டேன். அடுத்த பூ நீலமாக வந்திருக்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை, தம்பி. அவர் விற்றது நல்ல செடிதான். நிறத்தை மாற்றியது உங்கள் மண். நம் மலைநாட்டு மண் புளிப்பு மண்; புளிப்பைக் காட்டுகிற அளவு பி.எச்.; எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். தேயிலைக்குப் பிடித்ததே பி.எச். 4.5 முதல் 5.5 வரையான மண்தான். அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். அது பூவுக்குப் போனால் நீலம். மண்ணின் புளிப்புக் குறைந்து பி.எச். 6ஐத் தாண்டினால் அலுமினியம் வேருக்குக் கிடைக்காது, பூ ரோஸ் நிறமாகும். அதனால்தான் தோட்டப்புறங்களில் வேலியோரம் பார்ப்பதெல்லாம் நீலமாக இருக்கிறது. சீமெந்துச் சுவரோரம் நிற்கிற செடி சில இடங்களில் ரோஸ் பக்கம் சாய்ந்திருக்கும். சுவரிலிருந்து கசிகிற சுண்ணாம்புதான் காரணம்.

ரோஸ்தான் வேண்டுமென்றால் செடியைச் சுற்றி டொலமைட் என்கிற சுண்ணாம்புத் தூளைத் தூவி, மண் கிளறுகிற முள்ளால் மெதுவாகக் கிளறிவிடுங்கள். ஒரேயடியாக அள்ளிக் கொட்டாதீர்கள், இலை மஞ்சளாகிவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி போதும். மாறுவதற்கு அடுத்த பூக்காலம்வரைகூடப் பொறுக்கவேண்டிவரும். நடுவில் ஒரே செடியில் நீலமும் ஊதாவும் ரோஸும் கலந்து வருகிற ஒரு கட்டம் உண்டு. எனக்கு ஹைட்ரேஞ்சியாவில் மிகவும் பிடித்தது அதுதான். வேலை பாதியில் இருக்கும்போது கிடைக்கிற அழகு அது. வெள்ளை ஹைட்ரேஞ்சியாவுக்கு இந்த வைத்தியம் பலிக்காது.

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்: கொழும்பில் வேலை செய்கிறேன். அம்மா அப்பா லயத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு லீவிலும் பூத்த செடிகளைச் சட்டியோடு வாங்கி வந்து வாசலில் வைக்கிறேன். இரண்டு மாதத்தில் வாடிவிடுகின்றன. அம்மாவும் அவற்றைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மகன், உங்கள் பாசம் விளங்குகிறது. அடுத்த முறை பூத்த செடியை விட்டுவிட்டு ஒரு சாக்கு நல்ல மண், கொஞ்சம் மாட்டெரு, நாலைந்து வெறும் சட்டி கொண்டுபோய்க் கொடுங்கள். அம்மா பக்கத்து லயத்தில் கேட்டு ஜெரேனியத்திலோ ஹைட்ரேஞ்சியாவிலோ ஒரு தண்டு முறித்துவந்து அவரே ஊன்றுவார். ஊன்றியதை அவர் வாடவிடமாட்டார்.

பதுளையிலிருந்து ஒரு வாசகி: கொழுந்து மலையில் வேலை செய்து பென்ஷனுக்குப் போனவள் நான். வீட்டைச் சுற்றித் தோட்டம் வைத்திருந்தேன். இப்போது முழங்கால் மடங்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து பார்க்க மட்டும்தான் முடிகிறது. வேலைதான் சந்தோஷம் என்று நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். அப்படியானால் என் சந்தோஷம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை அக்கா. நான் எழுதியது உங்களை வருத்தியிருந்தால் அதை இப்போதே தீர்த்துவைக்கிறேன்.

பார்ப்பதற்கும் பலன் உண்டு. அமெரிக்காவில் ரொஜர் அல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே வைத்தியசாலையில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவுகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். சிலருடைய யன்னலுக்கு வெளியே மரங்கள் இருந்தன. மற்றவர்களுக்கு வெறும் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். கடுமையான வலிநிவாரணியும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. கட்டிலில் கிடந்து பார்த்ததற்கே இது. உங்கள் வராந்தா அதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் நீங்கள் பார்க்கிறதும் விருந்தாளி பார்க்கிறதும் ஒன்றில்லை. எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தச் செடி நாலு வருடத்துக்கு முன் பட்டுப்போக இருந்து தப்பியது, எந்த இலையின் சுருட்டல் எந்தப் பூச்சியால் வந்தது, இதெல்லாம் உங்களுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். அதை வீட்டுப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பேத்தியைக் கூப்பிட்டு, “அந்த மூன்றாவது செடியின் இலைக்கு அடியில் பார்” என்று சொல்வதும் தோட்ட வேலைதான்.

கைக்கும் கொஞ்சம் வேலை வேண்டும். இரண்டரை அடி உயரத்துக்குக் கல்லோ பலகையோ அடுக்கி, உள்ளே மண் நிரப்பி ஒரு மேடைப் பாத்தி கட்டச் சொல்லுங்கள். கதிரையிலிருந்தே கை எட்டும் அகலம் போதும். அடியில் தண்ணீர் வடிய வழி வையுங்கள். அதில் வல்லாரை, கொத்தமல்லி, பெகோனியா என்று மேல்மண்ணிலேயே வேர் ஓடுகிற செடிகளை வையுங்கள். கொழுந்து கிள்ளிய விரல்களுக்கு வாடிய பூவைக் கிள்ளுவதற்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகி: டேலியாக் கிழங்கு வருடாவருடம் மழையில் அழுகிப்போகிறது. நன்றாகப் பூப்பதால் விடவும் மனமில்லை.

பதில்: டேலியா மெக்சிகோ நாட்டு மேட்டுநிலத்துச் செடி. உங்கள் பக்கத்துக் குளிர் அதற்குப் பிரச்சினையில்லை, ஈரம் தேங்குவதுதான் ஆகாது. உங்கள் பக்கம் பெய்கிற மழைக்குக் கிழங்கை நிலத்தில் விடாதீர்கள். பூ ஓய்ந்து தண்டு மஞ்சளானதும் அரை அடி விட்டு வெட்டுங்கள். தண்டுக்குக் கிட்டப் போகாமல், ஒரு அடி தள்ளி முள்ளை இறக்கி, நாலு பக்கமும் தளர்த்திக் கொத்தாகத் தூக்குங்கள். கிழங்கின் கழுத்து மெல்லியது, இழுத்தால் முறியும். நிழலில் தலைகீழாக வைத்து உலர்த்தி, காய்ந்த மணலிலோ மரத்தூளிலோ பெட்டிக்குள் போட்டுவையுங்கள். இடைக்கிடை எடுத்துப் பார்த்து, மெதுமெதுவென்று ஆன கிழங்கை ஒதுக்கிவிடுங்கள்.

மறுபடி நடும்போது கொத்தைப் பிரிக்க அவசரப்படவேண்டாம். முளை வருகிற கண் கிழங்கின் உடம்பில் இருக்காது. பழைய தண்டோடு ஒட்டுகிற கழுத்தில்தான் இருக்கும். குண்டூசித் தலை அளவில் ரோஸ் நிறமாக அது வீங்கும்வரை பொறுத்திருந்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண்ணாவது வரும்படி கூரிய கத்தியால் பிரியுங்கள். வெட்டுவாயில் சாம்பல் தொட்டு ஒரு நாள் உலரவிட்டு நடுங்கள். கண் இல்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. அதைக் கூட்டெருக் குழியில் போட்டுவிடலாம்.